முதல் ஈடு

கல்கத்தா கரியாஹாட் சந்தையில் மீன்காரர்களைத் தாண்டி இடதுபக்கம் திரும்புகிற சந்தில் ஜானகி டிபன் சென்டர் இருக்கிறது. பெயர்ப் பலகையில் இருந்த ஜானகியை இருபது வருடமாகச் சாப்பிடுகிறவர்கள்கூடப் பார்த்ததில்லை. அவள் பின்கட்டில் மாவோடு இருந்தாள். முன்னால் கல்லாவில் இருந்தவர் அவள் கணவர் மூக்கையா. உசிலம்பட்டிப் பக்கம். எட்டாவதோடு படிப்பை விட்டு ரயிலேறியவர்.

அந்தக் கடை திறப்பதற்கு ஒரு முறை இருந்தது. காலை ஐந்தே காலுக்கு இட்லியின் முதல் ஈடு இறங்கும். மாஸ்டர் மகேஸ்வரன் ஈரத்துணியிலிருந்து இட்லிகளை உரித்து, நடுக்குழி இட்லி ஒன்றை மட்டும் தட்டில் வைத்து நீட்டுவான். சட்னி கிடையாது, சாம்பார் கிடையாது. மூக்கையா நின்றபடி அதை முழுசாகத் தின்பார். அடுப்பங்கரையில் ஒரு பேச்சும் இருக்காது. கடைசி வாய் இறங்கியதும் அவர் தலை ஒருமுறை ஆடும். அதற்குப் பிறகுதான் சப்ளையர் தினேஷ்குமார் ஷட்டரைத் தூக்குவான்.

தலை ஆடாத நாட்கள் பத்தொன்பது வருடத்தில் ஐந்தோ ஆறோ. அன்றைக்கு மாவு புளித்திருக்கும். வாசல் சிலேட்டில் 'இன்று ஊத்தப்பம் மட்டும்' என்று எழுதிவிடுவார்கள். யாரும் யாரையும் திட்டுவதில்லை.

இப்படி ஒரு பழக்கம் இருப்பதே மூக்கையாவுக்குத் தெரியாது. மூச்சு விடுவதை யாராவது கணக்கில் வைத்துக்கொள்வார்களா? அதற்குப் பெயர் வைத்தவர் குருமூர்த்தி சார். 'மைக்ரோ மேனேஜ்மென்ட்' என்றார். அது ஒரு வியாதி என்றும் சொன்னார்.

குருமூர்த்தி ஒரு பெரிய கம்பெனியில் ஆட்களை எடுக்கவும் அனுப்பவும் ஆன இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். அனுப்ப ஆள் இல்லாமல் வீட்டில் மூன்று மாதம் தவித்துவிட்டு, அலிப்பூரில் ஏசி போட்ட ஓர் அறையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் 'தலைமைப்பண்பு வட்டம்' நடத்தத் தொடங்கினார். தினமும் காலை ஐந்து மணிக்கு வாட்ஸப்பில் ஒரு சிந்தனை அனுப்புவார். பாதிச் சிந்தனைகளில் கழுகு வரும். கழுகு உயரப் பறக்கும், கழுகு தனியே பறக்கும், கழுகு பழைய இறகைத் தானே பிடுங்கி எறியும். மீன்குடலுக்காகச் சந்தைக் கூரையில் அடித்துக்கொள்ளும் பருந்துகளைத் தவிர வேறு பெரிய பறவையை மூக்கையா பார்த்ததில்லை. ஆனாலும் எல்லாவற்றுக்கும் கும்பிடு போட்டுப் பதில் அனுப்புவார்.

ஒருநாள் நெய்ரோஸ்ட்டைப் பிய்த்தபடி குருமூர்த்தி கேட்டார்.

"மூக்கையா, நீங்க ஓனரா, லீடரா?"

"ரெண்டும் ஒண்ணுதான சார்?"

"அங்கதான் தப்புப் பண்றேள். ஓனர் கடைக்குள்ள நிப்பான். லீடர் கடைக்கு மேல நிப்பான்."

"மேல மச்சுல வெங்காய மூட்டைல்ல சார் கெடக்கு."

குருமூர்த்தி குழந்தையைப் பார்த்துச் சிரிப்பதுபோலச் சிரித்தார். அடுத்த வாரம் வெங்காய மூட்டைகள் கீழே வந்தன. ஒரு மேஜையும் சுழல் நாற்காலியும் மேலே போயின. மச்சு தாழ்வானது. லீடரால் அங்கே நிமிர்ந்து நிற்க முடியாது. கழுத்தை ஒருபக்கம் சாய்த்துக்கொண்டுதான் தொலைநோக்கோடு சிந்திக்க முடிந்தது.

மூக்கையாவை முட்டாள் என்று சொல்லிவிட முடியாது. போன தை மாதம் மகள் கீதாஞ்சலிக்கு மதுரையில் நிச்சயம் நடந்தது. சம்பந்தி தன் பக்கத்து ஆட்களுக்கு எல்லாரையும் அறிமுகம் செய்தார். இவர் ஆடிட்டர், இவர் எக்ஸிகியூட்டிவ் இன்ஜினியர், இவர் தாசில்தார். மூக்கையாவிடம் வந்ததும் ஒரு நொடி யோசித்து, "இவரு... கல்கத்தாவுல இருக்காரு" என்றார். ஒரு மனிதர் முப்பது வருடம் உழைத்து ஊரில் 'இருக்கிறவர்' ஆகியிருந்தார். அந்த ஒரு நொடி யோசனைதான் அவரை அலிப்பூர் ஏசி அறைவரை கொண்டுபோய் விட்டது.

அங்கிருந்து அவர் திரும்பும்போது கையில் லேமினேட் செய்த தாள்கள் இருந்தன.

முதல் தாள் மாவு பற்றியது. தினமும் மாலை ஐந்து மணிக்கு ஆட்ட வேண்டும். காலை நாலரைக்கு உப்பு போட வேண்டும். எல்லா நாளும் இதேதான். பொறுப்பு: தினேஷ்குமார்.

"மாவுக்கு மணி பாக்கத் தெரியுமா?" என்று கேட்டாள் ஜானகி. அவள் இரண்டு நாள் காற்றை மூக்கால் அளந்து வைத்திருப்பவள். புழுக்கமாக இருந்தால் எட்டு மணிக்கு மேல் ஆட்டி, உடனே உப்பைப் போட்டு, இரண்டு அண்டாவாகப் பிரித்துவைப்பாள். மார்கழிக் குளிரில் மத்தியானமே ஆட்டி, உப்பே போடாமல், அடுப்போரம் சாக்குப் போர்த்தி வைப்பாள்.

"சிஸ்டம்னு ஒண்ணு வேணும் ஜானகி. நாளைக்கு நீ இல்லன்னா?"

"நா எங்கிட்டுப் போறேன்?"

"ஒரு பேச்சுக்குச் சொல்றேன்."

"பேச்சுக்கு நீங்க ஒரு நா இல்லாமப் போங்களேன். கடை நடக்குதா இல்லையான்னு பாத்துருவோம்."

"ஆள நம்பிக் கடை நடக்கக் கூடாது. பிராசஸ நம்பி நடக்கணும்."

"அந்தாளு வந்து தேங்கா துருவுவானா?"

இன்னொரு தாள், யாரும் யாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்றது. படிநிலைகளை உடைப்பதாம். தினேஷ்குமார் ஒருநாள் முழுக்க முயன்று, "மூக்கையா... ண்ணே" என்பதுவரை உடைத்தான். மகேஸ்வரன் அன்றிலிருந்து அவரை எதைச் சொல்லியும் கூப்பிடுவதில்லை. இருமினான். மூன்றாவது தாளில் மூக்கையாவே கையெழுத்துப் போட்டிருந்தார்: 'முதலாளி முதற்கொண்டு எவரும் டோக்கன் இன்றி எதையும் உண்ணலாகாது. ஒழுக்கம் தலைமையிடமிருந்தே தொடங்குகிறது.'

முதல் ஈடு நின்றுபோனது அப்படித்தான். முதல் நாள் மகேஸ்வரன் பழக்கத்தில் தட்டை நீட்டியபோது, மூக்கையா மச்சு ஏணியில் பாதி ஏறியிருந்தார்.

"அதெல்லாம் இனிமே வேணாம்ப்பா. ஒன்ன நா நம்புறேன்."

மகேஸ்வரன் கையில் இட்லி ஆறிக்கொண்டிருந்தது. நம்பிக்கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அதைத் திரும்பக் கொப்பரைக்குள்ளேயே வைத்தான்.

அந்த ஐந்தே கால் மணி இட்லிக்குப் பதிலாக ஒரு கூட்டம் வந்தது. நின்றுகொண்டே நடத்தும் கூட்டம். நாள் முழுக்க நிற்கிறவர்களை நிற்கவைத்து நடத்திய கூட்டம். பின்னால் சாம்பார் அடிப்பிடித்துக்கொண்டிருக்க, ஒவ்வொருவரும் தாம் மேம்பட வேண்டிய மூன்று இடங்களைச் சொல்ல வேண்டும்.

"மகேஸ்வரா, நீ சொல்லு."

"எனக்கு மூணெல்லாம் இல்ல. ஒண்ணுதான். சட்னிக்குத் தாளிக்கணும். விட்டா போயிருவேன்."

"இதுதான் ரெஸிஸ்டன்ஸ்" என்று மூக்கையா நோட்டில் குறித்துக்கொண்டார். எழுத்துக்கூட்டித்தான் குறித்தார்.

வெங்காயம் உரிக்கிற சந்தியாதியிடமும், அதாவது சந்தியா அக்காவிடமும் கேட்டார்கள். கேனிங் லோக்கல் ரயிலில் விடிவதற்கு முன்பே ஏறி வருகிறவள். அவள் யோசித்து, பாதித் தமிழும் பாதி வங்காளமுமாக, ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் தான் ரொம்ப மேம்படுவேன் என்றாள்.

இதெல்லாம்கூட ஓடியிருக்கும். கல்கத்தாவில் எத்தனையோ கிறுக்குகள் துர்கா பூஜை வந்தால் தானாகத் தணிந்துவிடும். ஆனால் மகேஸ்வரன் முகம் தொங்கிப்போயிருப்பதைக் குருமூர்த்தி கவனித்துவிட்டார். "ரெகக்னிஷன் குடுங்கோ. மனுஷாளுக்கு அதுதான் ஆக்ஸிஜன்" என்றார். மகேஸ்வரனின் ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கித் தங்கக்கரைச் சட்டம் போட்டு, பிள்ளையாருக்கும் செத்துப்போன மூக்கையாவின் அப்பாவுக்கும் பக்கத்தில் மாட்டினார்கள். அங்கேதான் ஆணி இருந்தது. கீழே தமிழில் 'இம்மாதத்தின் நட்சத்திரம்' என்று எழுதியிருந்தது.

மாட்டிய நாள் மகாளய அமாவாசை. மறுநாள் லீவு முடிந்து வருகிறவனுக்குச் சர்ப்ரைஸாக இருக்கட்டும் என்று மூக்கையா நினைத்திருக்கலாம். இறந்தவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க ஊரே கங்கைக்குப் போகிற காலை அது. மகேஸ்வரன் லீவு. ஊரிலிருந்து வரும் மனைவி மஞ்சுளாவைக் கூட்டிவர சாந்த்ராகாச்சி ஸ்டேஷனுக்குப் போயிருந்தான்.

தினமும் பாலிகஞ்ச் ஸ்டேஷனில் பூ வாங்கிவந்து கடைப் படங்களுக்குப் போடுவது சந்தியாதியின் வேலை. அன்றைக்கு வந்தவள் மூன்றாவது படத்தைப் பார்த்தாள். சிரிக்காத முகம். சட்டம். மகேஸ்வரன் நேற்று இருந்தான், இன்று இல்லை. தமிழ் படிக்கத் தெரியாது. யாரிடமும் கேட்கவில்லை, இதையெல்லாம் கேட்பார்களா? பிள்ளையாருக்கு வாங்கிய மாலையை அவனுக்குப் போட்டாள். ஊதுபத்தி ஏற்றினாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெங்காயம் உரிக்கப் போனாள். அங்கே அழுதால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. எதிர்ச் சந்து மருந்துக்கடைக்காரர் மசால்தோசையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து நின்று, மௌனமாகக் கையெடுத்தார். மச்சில் லீடர் கழுத்தைச் சாய்த்து வாட்ஸப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து மணிக்கு மகேஸ்வரன் பெட்டியோடு உள்ளே வந்தான். பின்னால், ஒன்றரை நாள் ரயில் கசங்கலோடு மஞ்சுளா.

"ஓ மா! ஏ தோ பேச்சே ஆச்சே!" என்று சந்தியாதி அலறினாள். உயிரோடு இருக்கிறானே என்றுதான். கையிலிருந்த வெங்காயக் கூடை தரையில் உருண்டது.

மஞ்சுளா அலறவில்லை. பெட்டியைக் கீழே வைத்தாள். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, மாலையைக் கழற்றினாள். ஊதுபத்தியைத் தரையில் தேய்த்து அணைத்தாள். படத்தையும் எடுத்துக் குப்புற மேஜையில் வைத்தாள். 

"பாராட்டும்மா! இது ஒரு பாராட்டு!" என்று மூக்கையா ஏணியில் தடதடவென்று இறங்கினார்.

"நட்சத்திரம்னு வேற எழுதிப்புட்டாக" என்றாள் மஞ்சுளா. "வாங்க போவோம்."

மகேஸ்வரன் தோள் துண்டை எடுத்து, பத்தொன்பது வருடமாக அது தொங்குகிற ஆணியில் மாட்டினான். மாட்டிவிட்டு, வெறும் தோளோடு போனான்.

பூஜைக்கு ஆறு நாள் இருந்தது.

கரியாஹாட்டில் அந்த ஐந்து பூஜை நாட்கள்தான் வருடம். மற்றதெல்லாம் அதற்கு முன்னும் பின்னும் வருகிற நாட்கள். மகேஸ்வரன் வராவிட்டால் அடுப்பில் நிற்க ஆள் இல்லை. எங்கே விசாரித்தாலும் மாஸ்டர்கள் எல்லாரும் பந்தல் கடைகளுக்குப் பேசப்பட்டிருந்தார்கள். ஜானகியே தோசைக்கல்லில் நின்றாள். கை முழுக்க எண்ணெய்க் கொப்புளம். நாளெல்லாம் அங்கே நின்றதால் மாவு தினேஷ்குமார் கைக்குப் போயிற்று. அதாவது தாளின் கைக்கு.

பூஜை தொடங்கும் சஷ்டி அன்று காலை ஆறு மணிக்குத் தெருப் பூஜைக் கமிட்டிக்கு நூற்றைம்பது இட்லி போக வேண்டும். பந்தலில் மேளம் அடிக்கக் கிராமங்களிலிருந்து வந்திருக்கிற டாக்கிகளுக்கும் தொண்டர்களுக்கும் காலைச் சாப்பாடு. முந்தின நாள் மழை பெய்யாமல் வெறுமனே மூடிக்கொண்டு நின்றிருந்தது. துணி காயவில்லை, அப்பளம் நமத்தது, சுவர் வியர்த்தது. தாள் சொன்னபடி ஐந்து மணிக்கு உப்பில்லாமல் ஆட்டிய மாவு, விடிகாலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு தரைக்கு வந்திருந்தது.

ஜானகி ஒரு விரலை நக்கிப் பார்த்தாள். அவித்து, நடுக்குழி இட்லியைத் தட்டில் வைத்து, ஏணியடியில் நின்று கூப்பிட்டாள்.

"ஏங்க, எறங்கி வந்து இதத் தின்னு பாருங்க."

"தினேஷ் பொறுப்பு அது."

"அவன் தாளப் பாத்துக்கிட்டு நிக்கிறான். நீங்க தின்னுட்டுச் சொல்லுங்க. வேணாம்னா ஊத்தப்பமா ஊத்தி அனுப்பிருவோம். இன்னும் நேரமிருக்கு."

"நா தலையிட்டா அவன் எப்படி வளருவான் ஜானகி?"

"ஷீட்டுல போட்டதத்தாண்ணே பண்ணேன்" என்றான் தினேஷ்குமார் அழாத குறையாக. அவனுக்கு முப்பத்தெட்டு வயது. இதற்கு மேல் வளர அவனுக்கு விருப்பமில்லை.

"ஒரு வாய்ங்க. ஒரே ஒரு வாய்."

மேலே நாற்காலி சுழன்றது. அவ்வளவுதான். ஜானகி தட்டைக் கீழே வைத்தாள். பிறகு கேரியரை நிரப்பச் சொன்னாள்.

ஏழு மணிக்குக் கேரியர் திரும்பி வந்தது. கமிட்டியின் கௌசிக்தா, அதாவது கௌசிக் அண்ணன், தானே தூக்கி வந்திருந்தார். கூட மூன்று டாக்கிகள், மேளத்தைத் தோளில் போட்டபடி. கௌசிக்தா நல்ல மனிதர். நல்லவர்கள் கோபப்பட்டால் சத்தம் வராது.

"மூக்கையாதா, எடா இட்லி, நா டொக் தொய்?" என்றார். இது இட்லியா, புளித்த தயிரா?

பிறகு, தமிழர்களிடம் பேசுகிற ஹிந்தியில், நாளைக்கும் ஒருமுறை பார்க்கிறேன், பழகின கடை என்பதற்காக. சரியில்லையென்றால் மிச்ச நாளைக்கு எதிர்க்கடைப் பூரி, அடுத்த வருடமும் அவர்கள்தான் என்றார். ஒரு கிழட்டு டாக்கி போகிற போக்கில் மேளத்தில் ஒரு தட்டுத் தட்டினார். அதைப்போன்ற விமரிசனத்தை மூக்கையா அலிப்பூரில் கேட்டதில்லை.

மூக்கையா குருமூர்த்திக்குப் போன் செய்தார்.

"ஃபெயிலியரைக் கொண்டாடணும் மூக்கையா. அந்த மாஸ்டரண்ட போய்ப் பேசுங்கோ. முதல்ல பாராட்டு, நடுவுல குறை, கடைசில திரும்பவும் பாராட்டு. சாண்ட்விச் மாதிரி."

"நம்ம கடைல சாண்ட்விச் போடறதில்லைங்க சார்" என்று பக்கத்திலிருந்து ஜானகி சொன்னது போனில் கேட்டிருக்கும்.

மத்தியானம் மூக்கையாவும் ஜானகியும் கஸ்பாவில் மகேஸ்வரன் குடியிருந்த ஒற்றை அறைக்குப் போனார்கள். தெருமுனைப் பந்தலில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டிருந்தார்கள். மஞ்சுளா கருவாடு வறுத்துக்கொண்டிருந்தாள். வாங்க என்று சொன்னாள். உட்காருங்க என்று சொல்லவில்லை.

மூக்கையா தொண்டையைச் செருமினார். "மகேஸ்வரா, மொதல்ல ஒன்னோட அர்ப்பணிப்ப நா பாராட்டணும்..."

"மாலையோடயா?" என்றான் மகேஸ்வரன்.

"இல்லப்பா. ஆனா நீ டீம விட்டுப்புட்டு வந்த விதம் இருக்கே..."

"டீமா? பத்தொன்பது வருசமா நா ஒரு அடுப்படில நின்னேன். அங்க அக்கா இருந்துச்சு, தினேசு இருந்தான், சந்தியாதி இருந்துச்சு. டீமுங்கறது எப்ப வந்துச்சு? எம்பக்கம் வரவேயில்லையே."

மூக்கையாவின் சாண்ட்விச்சில் மிச்சமிருந்த பாராட்டு தொண்டையிலேயே நின்றது.

"சம்பளங்கிம்பளம் ஏதும் மனக்கொறையாப்பா?"

"சம்பளத்தப் பேசாதீக." மகேஸ்வரன் குரல் முதல்முறையாக உயர்ந்தது. "ஒரு நா நல்லாருக்குன்னு சொல்லிருக்கீகளா? இல்ல. நானும் கேட்டதில்ல. தட்ட நீட்டுவேன், நின்ன வாக்குல திம்பீக, மண்டைய ஆட்டுவீக. அன்னிக்குப் பூராம் எனக்கு அது போதும். அத நிப்பாட்டிப்புட்டு, ஒன்ன நம்புறேன்னீகளே, அதுக்கு என்னா அர்த்தம்? நல்லாருந்தாலும் ஒண்ணுதான், நாறுனாலும் ஒண்ணுதான்னுதான?"

எண்ணெயில் கருவாடு சடசடத்தது. மூக்கையா சுவரைப் பார்த்தார். ஏதாவது ஒரு கழுகு வந்து காப்பாற்றும் என்று எதிர்பார்த்தவரைப்போல இருந்தார். ஒன்றும் வரவில்லை.

ஜானகி கேட்டாள். "மகேசு, இன்னிக்கு ராவுக்கு நா எட்டரைக்கு ஆட்டுவேன். உப்பப் போட்டு ரெண்டு அண்டாவாப் பிரிச்சு வைப்பேன். மாவுத் தாளக் கிழிச்சு அடுப்புல போட்டாச்சு. காலைல நூத்தம்பது போகணும். எங்கையப் பாரு." கையை நீட்டினாள். கொப்புளம் உடைந்து தோல் சுருண்டிருந்தது. "வருவியா, மாட்டியா? அத மட்டும் சொல்லு."

தாள் கிழிந்த செய்தி மூக்கையாவுக்கும் அப்போதுதான் தெரிந்தது.

மகேஸ்வரன் கையைப் பார்த்தான்.  மஞ்சுளாதான் எழுந்து போய் ஒரு கிண்ணத்தில் தேங்காயெண்ணெய் கொண்டுவந்து ஜானகியின் கையில் தடவினாள். மூக்கையாவை யாரும் கவனிக்கவில்லை.

சப்தமிக் காலை, நாலரைக்கு மூக்கையா கடைக்கு வந்தபோது ஆணியில் துண்டு இல்லை. அது மகேஸ்வரன் தோளில் இருந்தது. அவன் கொப்பரைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்க்கவில்லை. மச்சிலிருந்து நாற்காலியை யாரோ இறக்கி வைத்திருந்தார்கள். அதில் சந்தியாதி உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அவள் மேம்பட்டிருந்தாள்.

ஷட்டருக்கு வெளியே அதற்குள் பேச்சுச் சத்தம். பந்தல் பார்த்துவிட்டுப் பசியோடு வந்தவர்கள். அவர்களில் குருமூர்த்தியின் இருமலும் கேட்டது.

ஐந்தே காலுக்கு முதல் ஈடு இறங்கியது. மகேஸ்வரன் துணியை உரித்தான். நடுக்குழி இட்லி தட்டுக்கு வந்தது. அடுப்பங்கரை அமைதியானது. மூக்கையா வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு ஓரடி முன்னால் வந்தார். அவர் கை தானாக நீண்டது.

தட்டு அந்தக் கையைத் தாண்டிப் போனது.

"அக்கா, பாருங்க" என்றான் மகேஸ்வரன்.

ஜானகி திடுக்கிட்டாள். இருபது வருடமாக மாவு அவளுடையது. முதல் ஈட்டை ஒருநாளும் யாரும் அவளிடம் நீட்டியதில்லை. கொப்புளக் கையால் வாங்கி, நின்றபடியே பிட்டுத் தின்றாள். அவசரப்படவில்லை. எல்லாரும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி வாய் இறங்கியது.

அவள் தலை ஆடியது.

தினேஷ்குமார் ஷட்டரைத் தூக்க ஓடினான். கூட்டம் உள்ளே வந்தது. கௌசிக்தாவின் ஆள் கேரியரை நீட்டினான்.

மூக்கையா அங்கேயே நின்றார். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல், கடைசியில் மகேஸ்வரன் பக்கமாகவே திருப்பினார். "எனக்கும் ஒண்ணு வையிப்பா. நானும் பாக்குறேன்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

மகேஸ்வரன் கரண்டியைக் கீழே வைத்தான். ஒரு மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக அவரை நேராகப் பார்த்தான்.

"டோக்கன் இருக்கா, மூக்கையா?"

தேங்காய்த் துருவல் சத்தம் நின்றது. தினேஷ்குமார் கண்ணை மூடிக்கொண்டான். ஜானகி அடுத்த ஈட்டுக்குத் துணியை நனைத்தாள்.

 மூக்கையா முன்னால் போய், கல்லாவில் தானே ஒரு டோக்கனைக் கிழித்தார். தான் கையெழுத்துப் போட்ட டோக்கன் தாளுக்குக் கீழே வரிசை போயிற்று. குருமூர்த்திக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"என்ன மூக்கையா, இந்த வாரம் என்ன லேர்னிங்?" என்று திரும்பிக் கேட்டார் குருமூர்த்தி.

"முன்னால பாத்து நகருங்க சார்" என்றார் மூக்கையா. "ஈடு ஆறுது."